ஊரோடு வைத்த துப்பாக்கி

எண்பத்து மூன்றாம் வருஷம். எங்கள் ஸ்டேஷனில் ஒன்பது பேர், ஒரு ஜீப். அந்த ஜீப்பைத் தள்ளிவிடுவதற்கே நாலு பேர் வேண்டும். இதை வைத்துக்கொண்டு அடிவாரத்து ஊர்களையும் பார்க்க வேண்டும், ஜவ்வாது மலையில் பாதியையும் பார்க்க வேண்டும். நான் அங்கே ஏட்டு, சந்தியாகப்பன். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியவன்.

அந்த ஐப்பசியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் மங்கம்மாள். மலைமேல் புளியங்கொல்லையில் சாமை விதைத்துத் தனியாகப் பிழைக்கிறவள், கணவன் இல்லை. பக்கத்து நிலத்தில் துவரைக்கு நடுவே தாண்டவராயன் கஞ்சா போட்டிருந்ததை அவள்தான் எங்களிடம் வந்து சொன்னாள். செடியைப் பிடுங்கிக் கொளுத்தினோம், அவனை உள்ளே தள்ளினோம். ஜாமீனில் வந்தவன் சந்தவாசல் கடைத்தெருவில் நின்றுகொண்டு, அவளை உயிரோடு விடமாட்டேன் என்று சத்தமாகவே சொன்னான். அதனால் அவள் வீட்டருகே இரண்டு கான்ஸ்டபிள்களைக் காவல் போட்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்தது. மலையில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். எல்லாம் பன்றி விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கிகள். எஸ்.ஐ. கோபால்சாமி மங்கம்மாள் வீட்டுக் காவலையும் கலைத்து இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒருத்தனையாவது அங்க வுடுங்க சார். தாண்டவராயன் வெளிய கீறான்."

"கஞ்சாவத்தான் கொளுத்தியாச்சே ஏட்டு. நாளைக்கு டி.எஸ்.பி. வந்தா துப்பாக்கியத்தான் காட்டச் சொல்வாரு. சும்மா காவல் நின்னவனையா காட்டறது?"

"அவன் துப்பாக்கிய யார் சார் எடுக்கறது?"

"அதுக்கு லைசென்ஸ் கீது. ரத்து பண்ணச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன். வரணும்."

கெட்ட மனுஷன் இல்லை. ஒன்பது பேரைப் பத்து இடத்துக்குப் பிய்த்துப் பிய்த்து அனுப்பி அலுத்துப்போனவர். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புளியங்கொல்லையில் வீடு புகுந்து தேட வேண்டிய வேலையே இல்லை. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். ஊர் ஒன்றைச் செய்தால் எல்லா வீடும் செய்ய வேண்டும், பின்வாங்குகிற வீட்டில் யாரும் நெருப்புகூட வாங்க மாட்டார்கள். காளியம்மன் கோயில் முன்னால் ஒவ்வொருவராக வந்து துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். கணவனுடைய துப்பாக்கியோடு மங்கம்மாளும் வந்தாள். நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"எடுத்துனு போய் எங்கனா ஒளிச்சு வையிம்மா. நான் பாக்கல."

"ஊரே வெக்கறப்ப நான் வெக்கலன்னா எப்பிடிங்க? போலீசாண்ட போனவளாச்சேன்னு இப்பவே ஒருத்தரும் மொகம் குடுக்கறதில்ல."

"அவன் வந்தா இன்னா பண்ணுவ?"

"அதான் நீங்க கீறீங்களே."

நாங்கள் மலையை விட்டு இறங்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னதும் அவள் கோயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை மற்றவற்றோடு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மட்டுமாவது அங்கே தங்குகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். எஸ்.ஐ. என்னை ஸ்டேஷனில் துப்பாக்கிகளுக்குக் காவல் போட்டார். மறுநாள் முழுவதும் துப்பாக்கிகளை வைத்த அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். டீ ஆறிப் போனது. மலைப்பக்கமிருந்து எந்த பஸ் வந்து நின்றாலும் ஓடிப்போய் இறங்குகிற முகங்களைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் மங்கம்மாளே வந்தாள். இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு, கூடையில் கோழியோடு, நடந்தே வந்திருந்தாள். முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இன்னாம்மா இது? ஸ்டேஷனா, சந்தையா?" என்றார் எஸ்.ஐ.

"நேத்து பொழுது சாயறப்ப வந்தான் சாமி. வூட்டப் பாத்து சுட்டான். நாயி குறுக்க பாஞ்சு செத்துப்போச்சு. மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். கத்துனேன். ஊருல யாரும் வரல. வெறுங்கையோட எப்பிடி வருவாங்க?"

எஸ்.ஐ. எழுந்துவிட்டார். "ஏட்டு, ஜீப்ப எடு."

"ஜீப்பும் ஆளுங்களும் காவலூர் பக்கம் போயிருக்காங்க சார். துப்பாக்கி எடுக்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "நீ வூட்டுக்குப் போம்மா. சாயங்காலம் ஆள் அனுப்பறேன்" என்றார், அவளைப் பார்க்காமலே.

அவள் போகவில்லை. ஆடுகளைத் துப்பாக்கி அறையின் ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

"வூட்டாண்ட நின்ன ரெண்டு போலீசையும் எடுத்துக்கினீங்க. துப்பாக்கியையும் எடுத்துக்கினீங்க. காவல் மொத்தமும் இங்க கீது. அங்க நான் மட்டும் இன்னாத்துக்கு சாமி?"

மங்கம்மாள் அறை வாசலில் சாக்கை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.