பச்சை வாளிக்குப் பதினேழு புள்ளி

மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. எழுதியவர் நல்லையா, பதுளையில் ஓர் அரச அலுவலகத்தின் பிரதம இலிகிதர். முப்பது வருடமாகப் பிறர் எழுதிய கோப்புகளில் பிழை பிடித்துப் பழகிய கை என்பது முதல் பந்தியிலேயே தெரிந்தது. கோபமில்லை, வசையில்லை, ஒரே ஒரு கேள்விதான். மாகாணச் சித்திரப் போட்டியில் தன் மகள் லதுஷா வரைந்த புகையிரத நிலையத்துக்கு, தொலைவைச் சரியாகக் காட்டும் தூரநோக்கு என்ற கட்டத்தில், இருபதுக்குப் பதினாறு புள்ளி. முதலிடம் பெற்ற மடுல்சீமைப் பிள்ளையின் தண்ணீர்ப் பீலிக்குப் பதினேழு. இது எப்படி?

பிரதம நடுவர் ஜெயரட்ணம் அதை இரண்டு தரம் வாசித்தார். எப்படி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதத்தான் முடியாது.

அவரும் மற்ற இரண்டு நடுவர்களும் பல வருடமாக ஒரே முறையில்தான் தீர்ப்பளித்து வந்தார்கள். படங்களை மேசைகளில் பரப்பிவிட்டுச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். எது முதல், எது இரண்டாவது என்று முடிவாகும். பிறகு தேநீர் வரும். தேநீரோடு மொத்தப் புள்ளி தீர்மானமாகும். கடைசியில்தான் புள்ளித்தாளின் ஐந்து கட்டங்களை, கருப்பொருள், அமைப்பு, நிறம், தூரநோக்கு, நேர்த்தி என்று, அந்த மொத்தம் வரும்படி நிரப்புவார்கள். எண்பத்து நான்கு என்றால் நான்கு பதினேழும் ஒரு பதினாறும். கட்டங்கள் ஏறக்குறையச் சமமாக இருந்தால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அனுபவம். ஆனால் அந்த வருடம், 1998இல், புள்ளித்தாள்களையும் படங்களோடு மண்டபத்தில் ஒட்டும்படி மேலிருந்து உத்தரவு வந்தது. ஒட்டினார்கள். நல்லையா மகளோடு வந்து பார்த்தார்.

"நாலு வரி எழுதித் தாங்க மாஸ்டர்," என்றார் மாகாணக் கல்விப் பணிப்பாளர். "நீங்க விஷயம் தெரிஞ்ச ஆள். நீங்க காரணம் எழுதினா நான் கோப்பை மூடிடுவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

மாகாணத்திலிருந்து ஒரு படமும் அதை வரைந்த பிள்ளையும்தான் கொழும்புக் கண்காட்சிக்குப் போகலாம்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று நடுவர்களும் படங்களின் முன்னால் மறுபடி நின்றார்கள். தலைப்பு 'காலை நேரம்'. லதுஷாவின் படத்தில் தண்டவாளங்கள் அளவுகோல் வைத்ததுபோல் ஓடி மலையடியில் ஒரு புள்ளியில் சேர்ந்தன. மேடையில் நின்ற ஆட்கள் தூரம் போகப்போகச் சரியாகச் சிறுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மடுல்சீமை நிஷாந்தினியின் படத்தில் ஆட்களே இல்லை. கீழே மலைத் தண்ணீர் விழும் ஒரு பீலி. அதிலிருந்து சரிவில் மேலேறிப் போகும் வரிசையில் குடங்கள், வாளிகள், பெயின்ற் வாளி ஒன்று, பால்மா டின் ஒன்று. வைத்தவர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கோ அடுப்படிக்கோ போயிருக்க, பாத்திரங்கள் அவர்களுக்காக இடம்பிடித்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, மிகத் தூரத்தில், ஒரு பச்சை வாளி. சிறுத்திருக்க வேண்டிய அது பீலியை விடப் பெரிதாக இருந்தது.

"தூரநோக்குக்கு ஏழு போட்டாலே தாராளம்," என்றார் மொஹிதீன் மாஸ்டர். "பதினேழு போட்டது நாம மூணு பேரும். தேத்தண்ணி நல்லா ஈந்திச்சு போல."

தனலெட்சுமி ரீச்சர் சிரிக்கவில்லை. "இந்தப் படந்தான் சேர் ஃபர்ஸ்ட். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். ஆனா என்னைய எழுதச் சொல்லாதீங்க. நான் தோட்டத்து லயத்துல பொறந்தவ. எங்காளுக்குப் போட்டேன்னுதான் பேசுவாங்க."

ஜெயரட்ணம் அன்றிரவு வீட்டில் எழுதினார். காரணம் எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றாட வாழ்வில் கவனிக்கப்படாத ஒரு பொருளை வேண்டுமென்றே பெரிதாக்குவதன் மூலம் இளம் ஓவியர் வழக்கமான தூரநோக்கை மீறி ஒரு புதிய பார்வையை முன்வைக்கிறார். இப்படி ஒரு பக்கம். ஐரோப்பிய ஓவிய இயக்கம் ஒன்றின் பெயரையும் ஓரிடத்தில் சேர்த்தார்.

மறுநாள் காலை மொஹிதீன் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு படக்கட்டுக்குப் போய், இருபத்தாறாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஒரு படத்தை உருவி எடுத்தார். ஒரு வீடும் ஒரு கோழியும். கோழி வீட்டை விட உயரம். படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஜெயரட்ணத்தின் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"கோழிக்கும் அச்சாவாப் பொருந்துதே சேர். இதையும் அனுப்புவோமா கொழும்புக்கு?"

ஜெயரட்ணம் பக்கத்தை வாங்கிக் கிழித்தார். ஒன்பது மணி பஸ்ஸில் மடுல்சீமைக்கு ஏறினார். அந்த வாளியை அவள் ஏன் அப்படி வரைந்தாள் என்று அவளிடமே கேட்டால் கோழிக்குப் பொருந்தாத ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைத்தார். பசறைக்குப் பிறகு பாதை மோசம். தோட்டப் பாடசாலையை அடையும்போது மதியம் தாண்டிவிட்டது.

நிஷாந்தினிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கொழும்புக்குப் போகும் திகதி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "அம்மா லயத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க சேர்," என்றாள்.

"படத்திலை அந்தப் பச்சை வாளியை ஏன் பிள்ளை அவ்வளவு பெரிசாக் கீறினனீ?"

அவள் பயந்துபோனாள். பக்கத்தில் நின்ற அதிபரைப் பார்த்தாள். "மேல எடம் மிச்சமா இருந்துச்சு சேர். வெத்தா விட்டா புள்ளி கொறைப்பாங்கன்னாங்க."

"வேற ஒண்டும் நினைக்கேல்லையோ?"

"இல்லங்க சேர். பச்சக் கலரும் நெறய இருந்துச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயரட்ணம் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். காரணம் பொய்த்துவிட்டது. பிள்ளையின் நோக்கமும் இல்லையென்று ஆகிவிட்டது. அப்படியானால் படம் இப்போது குறைந்திருக்க வேண்டும். கண்ணை மூடி அதை நினைத்துப் பார்த்தார். குறையவில்லை. இது அவருடைய பிடிவாதமாக இருக்கலாம். பிடிவாதத்துக்கும் தீர்ப்புக்கும் வித்தியாசம் என்ன என்று நல்லையா கேட்டால் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை பணிப்பாளர் நல்லையாவையும் அழைத்திருந்தார். அவருடைய அறையில் ஜெயரட்ணம் இரண்டு தாள்களைக் கொடுத்தார். முதல் தாளில், கட்டங்கள் பின்னர் நிரப்பப்பட்டவை என்றும், தூரநோக்குக்குரிய சரியான புள்ளி ஏழு என்றும், அதன்படி மொத்தம் எழுபத்து நான்கு என்றும், அந்தப் பிழைக்குத் தானே பொறுப்பு என்றும் இருந்தது. லதுஷாவின் தூரநோக்குக்குப் பத்தொன்பது. மொத்தம் எண்பத்து நான்கு. இரண்டாவது தாளை நல்லையா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

'பீலியில் தண்ணீர் நூல் அளவுக்குத்தான் வருகிறது. இரண்டாவது குடம் நசுங்கியது. நசுங்கிய பக்கத்தில் வெளிச்சம் படுகிறது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு பாத்திரம் வைக்கும் அளவுக்கு இடைவெளி. பால்மா டின்னுக்கு முண்டுகொடுக்க ஒரு கல். பீலியில் தொடங்கிய கண் எங்கும் நிற்காமல் மேலேறிப் பச்சை வாளியில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் பீலி மிகத் தூரத்தில் இருக்கிறது. இந்தக் காரணத்தால் இந்தப் படத்தை முதலாவது என்கிறேன்.'

"மாஸ்டர், கோவிக்காதேங்கோ," என்றார் நல்லையா. "இது காரணமில்லை. படத்திலை இருக்கிறதைப் பாத்து எழுதியிருக்கிறியள்."

"ஓம். வேற என்னட்ட இல்லை."

"இதை வாசிச்சுப்போட்டு ஒராள் எனக்கு அப்பிடித் தெரியேல்லை எண்டு சொன்னா?"

"திரும்பப் பாக்கச் சொல்லுவன்."

"அதுக்குப் பிறகும் தெரியாட்டி?"

"அதுக்கு மேலை எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா நீங்கள் இன்னும் பாக்கேல்லை."

நல்லையா எழுந்து, மேசையில் கிடந்த படத்தின் மேல் குனிந்தார். பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்லையாவின் விரல் ஐந்தாவது பாத்திரத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வந்து நின்றது.

"இதிலை நிண்ட ஆள் பொறுக்கேலாமல் தன்ரை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போட்டுதாக்கும்," என்றார். பிறகு நிமிர்ந்து தன் கதிரைக்குத் திரும்பினார். "அது வேற. நான் கேட்டது கூட்டல் கணக்கு. அது இப்ப சரி."

பணிப்பாளர் மொத்தப்படி தீர்ப்பை மாற்றிக் கையெழுத்திட்டார். எழுபத்து நான்குக்கு மேல் இன்னொரு படமும் இருந்தது. மொஹிதீன் வெளியே காத்துநின்றார். "உண்மைய எழுதி அந்தப் புள்ளைக்கு மூணாமிடம் வாங்கிக் குடுத்திட்டீங்க," என்று மட்டும் சொன்னார்.

புகையிரத நிலையம் கொழும்பில் இரண்டாம் பரிசு பெற்றது. பத்திரிகையில் லதுஷாவின் படம் வந்தது. ஜெயரட்ணம் நல்லையாவைச் சந்தைக்குள் கண்டபோது கைகொடுத்து வாழ்த்தினார். வாழ்த்தில் பொய் இருக்கவில்லை. அது நல்ல படம்தான்.

போட்டிக்கு வந்த படங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலை மாசி மாதம் வந்தது. மடுல்சீமைப் படத்தைத் தபாலில் போடாமல் அவரே கொண்டுபோனார். நிஷாந்தினிக்கு முடிவு எப்போதோ தெரிந்திருந்தது. படத்தைப் பெற்று வகுப்பறையின் நீள வாங்கில் விரித்தாள்.

"மூணாவதா சேர்?"

"புள்ளியிலை மூண்டாவது."

"படத்துல?"

"படத்திலை முதலாவது."

"அப்பறம் ஏன் சேர் ரயிலு படம் போச்சு?" அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "இந்த வாளியாலதான்னு அதிபர் சேர் சொன்னாரு. வெள்ளயப் பூசிட்டுச் சின்னதா வரஞ்சிரவா? அடுத்த வருசம் குடுக்கலாம்." பெயின்ற் பெட்டியைத் திறந்து தூரிகையையும் எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை."

"ஏன் சேர்?"

ஜெயரட்ணம் படத்தின் மேல் குனிந்தார். விரலைப் பீலியில் வைத்தார். "இதிலை இருந்து மேலை பாத்துக்கொண்டு போ," என்றார்.

அவள் பார்த்துக்கொண்டு போனாள். மேலே வந்ததும் உள்ளங்கையால் பச்சை வாளியை மறைத்தாள். கையை எடுத்தாள். மறுபடி மறைத்து, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இல்லாட்டி எல்லாம் கீழ வழுக்கிட்டுப் போயிருதே," என்றாள் தனக்குத்தானே.

பிறகு ஈரமாகாத தூரிகையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.