களை இல்லாத புஞ்சை

மலையம்மாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மதுரையிலிருந்து ஜீப்பில் வந்த பயிர் ஆராய்ச்சிக்காரர் பஞ்சாபகேசன், சோளத்தில் களைக்கொல்லி அடித்துப் பார்க்க நிலம் கேட்டபோது, பேரையூர்ப் பக்கம் ஒருத்தரும் பிடி கொடுக்கவில்லை. இவள்தான், தன் புஞ்சையில் அடித்துக்கொள்ளச் சொல்லிப் பெரிய மனுஷித்தனம் காட்டினாள். அது எண்பத்திரண்டாம் வருஷத்துப் புரட்டாசி விதைப்பு.

பொல்லாத மருந்து அது. சாரணையும் தொய்யக்கீரையும் முளைத்த வேகத்தில் கருகிப்போயின. சோளம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. அதெப்படி என்று கேட்டாள். சோளத்துக்குள் என்சைம் என்று ஒன்று இருக்கிறதாம்; உள்ளே வருகிற மருந்தைப் பிடித்து, வேறொரு பொருளோடு இணைத்து, விஷமில்லாமல் ஆக்கிவிடுமாம்; கருகின களைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாதாம். எம்புட்டுக் குடித்தாலும் தள்ளாடாத கொழுந்தன் சோணையை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பெல்லாம் களையெடுப்பு வரும்வரைதான். புருஷன் போய்ச் சேர்ந்து, மகளையும் சமயநல்லூரில் கட்டிக்கொடுத்த பிறகு அவள் வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. களையெடுக்கிற நாட்களில்தான் ராமக்காளும் மற்றப் பெண்களும் புஞ்சை நிறைய உட்கார்ந்து ஊர்க்கதையை அலசுவார்கள். அந்தக் கும்மாளத்தை நினைத்தே மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவர்கள் அவள் வரப்பிலேயே நடந்து அடுத்த புஞ்சைக்குப் போனார்கள்.

"ஒனக்கென்ன மகராசி, மருந்தடிச்சுட்ட" என்றாள் ராமக்காள்.

சுத்தமான புஞ்சையைப் பார்த்து எவளாவது அழுவாளா? இவள் அழுதாள். கண்ணைத் துடைத்தபோதுதான் வடக்கு மூலையில் அதைக் கண்டாள். மருந்துக்கு அசையாமல், பச்சைப் பசேலென்று ஒரு பத்தை புல்.

மறுநாள் வந்த பஞ்சாபகேசனுக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. சோளத்திடம் உள்ள அதே என்சைம் இந்தப் புல்லிடமும் இருக்க வேண்டும், வேரோடு கொண்டுபோய்ச் சோதிக்கிறேன் என்று குனிந்தார். மலையம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"அதத் தொடாதீகய்யா. களைன்னு சொல்லி ஆளக் கூப்பிட அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

அவருக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனாலும் நாலைந்து தூர் மட்டும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மலையம்மாள் ஓடிப்போய் ராமக்காளைக் கூட்டி வந்தாள். இந்தக் கையகல இடத்துக்கா ஆள் தேடி வந்தாய் என்று வைதுகொண்டே ராமக்காள் உட்கார்ந்து, கொத்துக்கொத்தாகப் பிடுங்கத் தொடங்கினாள். மலையம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் பிடுங்கு மதினி."

ராமக்காள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை அவிழ்த்தாள்.