அம்புட்டும் நெசந்தான்

"ஏட்டி ரஞ்சனி, செத்த நேரம் உக்காந்து இதை வாசிச்சுச் சொல்லு. நாளைக்குக் கோர்ட்டுல இதைப் பத்திக் கேப்பாங்களாம். வக்கீல் படிச்சு வச்சுக்கிடச் சொன்னாரு. எனக்கு எழுத்து தெரியுமா, எழவா?" என்று வெள்ளத்தாய் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினாள்.

சிவரஞ்சனி வாங்கினாள். முதல் வரியிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. போன வருஷத்துப் பத்திரிகைச் செய்தி. எழுதியவர் பெயர் அதில் இல்லை. எழுதியது வேறு யாருமில்லை, அவளேதான்.

வெள்ளத்தாய் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்தவள். மிஷினில் முடி சிக்கி, தலையில் இடப்பக்கத் தோல் பிய்ந்துபோனது. இன்றைக்கும் முந்தானையைத் தலையில் போடாமல் வாசலுக்கு வர மாட்டாள். மில்லிடம் நஷ்டஈடு கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறாள்.

சிவரஞ்சனி மதுரையில் இதழியலும் மக்கள் தொடர்பும் படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் பயிற்சிக்காக ஒரு மாதம் உள்ளூரில் ஜெபக்குமார் என்பவரின் அலுவலகத்தில் இருந்தாள். மில்லுக்காரர்கள் சொல்வதைச் செய்தியாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். விபத்து நடந்த அன்று சாயங்காலம் மில் மேனேஜர் போனில் சொல்லச் சொல்ல ஜெபக்குமார் திருப்பிச் சொன்னார். இவள் தட்டச்சு செய்தாள். வெள்ளத்தாய் பெயர் வந்ததும் விரல் நின்றதா? நின்றது, இல்லையென்று சொல்லக் கூடாது. "சார், இவிய எங்க தெருவு" என்றாள்.

"அப்பம் நல்லதாப் போச்சு, பேரைத் தப்பில்லாம அடி" என்றார் அந்தப் புண்ணியவான்.

பேரைத் தப்பில்லாமல்தான் அடித்தாள். அதற்குக் கீழே இவளாகவே கோத்து எழுதிய வரி இது: 'பாதுகாப்புத் தொப்பி அணியுமாறு மேற்பார்வையாளர் பலமுறை அறிவுறுத்தியும் அவர் அணியவில்லை என்று கூறப்படுகிறது.' கூறியது யார்? மேனேஜர். அதை மட்டும் எழுதவில்லை. வெள்ளத்தாய் கிடந்த ஆஸ்பத்திரி நடந்துபோகிற தூரம். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவள் போகவில்லை. மறுநாள் நாலு பத்திரிகையில் எழுத்து மாறாமல் வந்தது. வகுப்பில் அதற்குத்தான் முதல் மதிப்பெண். எந்தப் பக்கமும் சாயாத எழுத்து என்று பேராசிரியர் மெச்சி நோட்டீஸ் போர்டில் வேறு ஒட்டினார். சாயாத எழுத்தாம், நல்லா இருக்கு கதை!

இப்போது அதே எழுத்தை, அடிபட்டவளுக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. தேதியை வாசித்தாள். மில் பெயர், வயது, ஆஸ்பத்திரி எல்லாம் வாசித்தாள். அந்த வரி வந்ததும் கண் தானாகத் தாவியது. 'நிர்வாகம் தேவையான உதவிகளைச் செய்துவருகிறது' என்று கடைசி வரியை வாசித்து முடித்தாள்.

"அம்புட்டுதானா? தொப்பியப் பத்தி ஒண்ணும் போடலையா? அதைத்தான அந்தப் பாவிங்க சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க. முப்பது பேருக்குப் பத்துத் தொப்பிதாம்ட்டி. ஷிப்டு முடிஞ்சு போறவ கழட்டிக் குடுத்தாத்தான் வாரவ மாட்ட முடியும். அன்னைக்கு எனக்கு முன்னாடியே தீந்துபோச்சு."

"இல்ல சித்தி, போடல."

"பொறவு எதுக்கு இதைக் கோர்ட்டுல குடுத்திருக்காங்க?"

"தேதிக்காக இருக்கும்."

வெள்ளத்தாய்க்கு முகம் தெளிந்துவிட்டது. "பரவாயில்ல. பேப்பர்க்காரனுக்காவது மனசாட்சி இருக்கே! நாளைக்கு நீயும் தொணைக்கு வா."

மறுநாள் காலை பஸ்ஸில் சிவரஞ்சனி மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் வேறு எதையோ பேசினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது.

கூண்டில் ஏறி நின்ற வெள்ளத்தாயிடம் மில் வக்கீல் தாளைக் காட்டினார். "இந்தச் செய்தியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்யா. எங்க தெருப்புள்ள, பத்திரிகைப் படிப்பே படிக்கா. அந்தா உக்காந்திருக்கு" என்று பெருமையாகக் கை காட்டினாள்.

"இதுல தப்பா ஏதாவது போட்டிருக்காங்களா?"

"இல்லய்யா. அம்புட்டும் நெசந்தான்."

வக்கீல் அவசரமே படவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

வெள்ளத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "அந்த வரி அதுல இல்லய்யா" என்றாள். யாரோ சிரித்தார்கள். தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். தலைகீழாகப் பிடித்தாலும் அவளுக்கு ஒன்றுதானே! அவள் பின்பக்கம் திரும்பினாள். முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை. "ஏட்டி, எந்திரிச்சுச் சொல்லேன், அந்த வரி இல்லன்னு!"

சிவரஞ்சனி எழுந்திருக்கவில்லை. ஐயா, இதை எழுதினது நான், போன்ல சொன்னது மேனேஜர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படிப்பு, சான்றிதழ், ஊர்ப்பேச்சு எல்லாம் வரிசையாக வந்து அவளை அமுக்கி உட்கார்த்தி வைத்தன. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வெள்ளத்தாயின் வக்கீல் எரிந்து விழுந்தார். "படிச்சு வச்சுக்கங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அம்புட்டும் நெசம்னு நீங்களே சொல்லிட்டீங்க, இனி நான் என்னத்த வாதாட?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் வந்ததும் வெள்ளத்தாய் ஜன்னல் வழியாக மஞ்சப்பையை எறிந்து இருவருக்கும் இடம் பிடித்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் சிவரஞ்சனி பக்கம் திரும்பினாள்.

"வாசிக்கும்போது அந்த வரியை விட்டுட்டதான?"

"ஆமா சித்தி."

"தெரியும்ட்டி. நான் மனசொடஞ்சு போவேன்னுதான விட்ட? ஒன் மேல எனக்குக் கோவமே இல்ல. கைக்கொழந்தையில இருந்து ஒன்னப் பாக்கேன், எம்புட்டு எளகின மனசு ஒனக்கு." அவள் சிவரஞ்சனியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அதை எழுதுனவன் இருக்காம்லா, ஆசுபத்திரிக்கு வந்து என் மூஞ்சியக்கூடப் பாக்காம எழுதிருக்கான். அவன் கை வெளங்குமா? நீ படிச்சு முடிச்சதும் அவன் யாருன்னு கண்டுபிடிச்சு நாலு பேரு காறித்துப்புத மாதிரி பேப்பர்ல எழுதணும். எழுதுவியாட்டி?"

கை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

"எழுதுறேன் சித்தி" என்றாள் சிவரஞ்சனி.