தீக்கோழியின் மடி

குழந்தை மடியிலேயே தூங்கிப்போனது. அவள் காலை நீட்டாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குத் தீக்கோழி என்று பெயர். நெருப்பு அவளை ஒன்றும் செய்யாது. கொதிக்கிற எண்ணெயும் குழாய்த் தண்ணீரும் அவள் தோலுக்கு ஒன்றுதான். சின்ன வயதில் செங்கல் சூளைக்காரன் இதைக் கண்டுபிடித்தான். சூளை ஆறும்வரை காத்திருப்பானேன் என்று அவளை உள்ளே விட்டுக் கல்லை எடுத்தான். வளர்ந்த பிறகு, எரிகிற கட்டடத்திலிருந்து ஒரு மாடி ஆட்களைத் தூக்கி வந்தாள். பேப்பரில் படம் போட்டார்கள், மாலை போட்டார்கள். மாலை வாடியதும் குழந்தைகள் நலத்துறையில் ஒரு வேலையைக் கொடுத்து, யாரும் போகத் துணியாத வீடுகளை எல்லாம் அவள் தலையில் கட்டினார்கள். "தீக்கோழி போகட்டும், அதுக்கு என்ன ஆகப்போகுது?"

இந்த வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் உடம்பில் அனல். அப்பன் பட்டறையில் கம்பி வளைக்கிறவன். கையில் பிடித்தாலே இரும்பு பழுத்துவிடும். முதலாளிக்கு கேஸ் செலவு மிச்சம். வேலை நேரம் போக அவனுக்குக் கோபத்தில்தான் சூடு ஏறும், ஏறினால் தெருவுக்குப் போய்விடுவான். மூன்று வயது மகளுக்கு அந்த விவரமெல்லாம் ஏது? அழுதாலும் சூடு, சிரித்தாலும் சூடு, தூங்கினாலும் சூடு. வீட்டில் பாய் இல்லை, மெத்தை இல்லை, ஒரு இரும்புக் கட்டில். மூலைக்கு மூலை தண்ணீர் வாளி. பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் ஐந்து குட்டி விரல்கள் உருகிப் பதிந்திருந்தன. எரியக்கூடியதாக அந்த வீட்டில் பாக்கி இருந்தது அம்மா மட்டும்தான்.

வாராவாரம் வந்து பார்த்தாயிற்று. இன்றைக்குத் தீக்கோழி சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் எல்லாம். ஆபத்தில்லை என்றால் குழந்தை வீட்டில் இருக்கும். ஆபத்து என்றால் சாயங்காலத்துக்குள் காப்பகத்து வண்டி வரும். சூடு பார்க்கத் துறையில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். முதல் நாளே குழந்தை அதைப் பிடித்து உருக்கிவிட்டது. வேறு கேட்டபோது, "உன் கையைவிடவா கருவி?" என்று மேலதிகாரி சிரித்தார். அவள் கைக்கு எதுவும் தெரியாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள்: குழந்தையை மடியில் போட்டுப் பார்ப்பாள், தன் துணி கருகவில்லை என்றால் பயமில்லை. துணிக்கு முந்தித் தோல் வெந்துவிடும் என்பது வெந்து பார்த்தவர்களுக்குத்தானே தெரியும்?

"துணி ஒண்ணும் ஆகல. வாங்கிக்கம்மா."

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். வேர்த்துக் கொட்டுகிற வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை. வந்து குனிந்து குழந்தையை வாங்கினாள். குழந்தையின் கன்னம் அவள் கழுத்தில் படிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்களா மேடம், ஒண்ணுமே இல்ல."

தீக்கோழிக்குத் தோல்தான் மரம், மூக்கு நன்றாக வேலை செய்யும். மயிர் பொசுங்குகிற வாடை. சூளையில் அவளைப் பார்த்துத் தாங்களும் கல்லைத் தொட்ட பிள்ளைகளிடமிருந்து வந்த அதே வாடை.

"கீழ விடு. விடுன்னா!"

குழந்தை விழித்துக்கொண்டு தரையில் நின்றது. தீக்கோழி அம்மாவின் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினாள். முழங்கைவரை குட்டிக் கைகளின் தடம். பழையவை கறுத்திருந்தன, அதன் மேல் ரோஸ் நிறத்தில் சில, அதற்கும் மேல் இன்னும் ஈரம் காயாதவை.

"எப்போலேருந்து?"

"தூக்கலாம்னு நீங்க சொன்ன அன்னிலேருந்து."

வாசலில் அப்பன் நின்றிருந்தான். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் கரி. "இப்ப வந்து கேளுங்க மேடம். துணி கருகலேன்னா பயமில்லேன்னு சொன்னது யாரு, எங்கப்பனா? நீங்க போத்தியிருக்கிறது தோலா தகரமா?"

"நீ வெளிய போய்யா. உனக்கும் ஏறுது பாரு," என்றாள் அம்மா.

அவன் பிடித்திருந்த நிலைக்கட்டையிலிருந்து புகை வந்தது. கையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா வண்டி வரும்." அம்மா வாளிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் உள்ளே விட்டாள். தண்ணீர் தளும்பித் தரையில் ஓடியது. "வாராவாரம் வந்து எம்பொண்ண மடியில போட்டுக்கறீங்க. அவளும் ஒட்டிக்கிட்டுத் தூங்குறா. நான் கதவோரம் நின்னு பாக்குறேன். பெத்தவ மேடம் நான். எனக்கு ஆசையிருக்காதா?"

'அடுப்பில் கை வைக்காதே' என்று சொல்வதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். அதைக்கூடத் தீக்கோழியால் சொல்ல முடியாமல் போயிருந்தது. பைக்குள் போன் அடித்தது. அலுவலகம்தான். காப்பகம் அவளுக்குத் தெரியும். அடி கனத்துச் சுவர், கதவில் தட்டு தள்ள ஒரு ஓட்டை. அவள் கொண்டுபோய் விட்ட ஒரு பையனைப் பிறகு ஒரு தடவை பார்க்கப் போனாள். தூக்கச் சொல்லி அவன் கை நீட்டவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"போன எடுத்துச் சொல்லுங்க மேடம்," என்றாள் அம்மா, திரும்பாமல். "எதையாவது ஒண்ணச் சொல்லுங்க."

குழந்தை அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது. "அம்மா, தூக்கு."

அம்மாவின் கைகள் வாளியிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்தன. தீக்கோழியை ஒரு தடவை பார்த்தாள். திரும்பவும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள்.

தூக்கிய கையை இறக்காமல் குழந்தை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையோடு அப்படியே இந்தப் பக்கம் திரும்பி, தீக்கோழியின் மடியை நோக்கி நடந்தது. போன் நின்று, மறுபடி அடித்தது. சிந்திய தண்ணீரில் மிதித்து மிதித்துக் குழந்தை வந்தது. ஒவ்வொரு ஈரக் காலடியும் விழுந்த இடத்திலேயே புஸ்ஸென்று காய்ந்தது. பக்கத்தில் வந்து நின்றபோது தரையில் ஒரு தடம்கூட இல்லை.