தேய்த்துப்போட்ட வளையம்

சிங்காநல்லூரில் எங்கள் பட்டறையில் ஃபைபர் பொம்மை செய்கிறோம். பூங்காவுக்கு யானை, ஜவுளிக்கடை வாசலுக்குக் கும்பிடும் பெண், கோயிலுக்கு ஆஞ்சநேயர். தலையை மேல்பாதி கீழ்ப்பாதியாக வார்த்து ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒட்டிய இடத்தில் தலையைச் சுற்றி ஒரு வரம்பு எழும்பி நிற்கும். அதைக் கிரைண்டரில் தேய்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவது என் வேலை. பதினெட்டு வருடமாக வேறு வேலை செய்ததில்லை.

முகம் எழுதுவது ஜபருல்லா பாய். கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். ஆறு மாதமாக அவருக்குக் கை நடுக்கம். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்.

தை மாதம் புவனா என்றொரு அம்மணி வந்தார். அவிநாசி ரோட்டில் சீனச் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறாராம். கையில் தடியோடு எட்டடிக் குரங்கு வேண்டும் என்றார்.

"ஆஞ்சநேயருங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, இது சீனாக்காரங்க கொரங்கு. நானூறு வருசத்துக் கதை. இப்ப எம்பையன் போன் கேம்ல இந்தக் கொரங்காத்தான் சண்டை போடறான்."

படத்தைப் பாயிடம் கொடுத்தார். கதையைத் தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். பாய் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"ராமரக் காணாத ஆஞ்சநேயராட்ட மொறைக்குதேப்பா மாசாணம்."

"உங்க கைக்கு வந்தாச் சிரிச்சிருமுங்க பாய்."

"கை சொன்னபடி கேட்டாத்தானே?"

அன்றைக்கே முதலாளி கிருபாசங்கர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "பாய், இந்த மொகம் சுத்தமா வந்துதுன்னா இருங்க. இல்லீன்னா ஊட்டுல ரெஸ்ட் எடுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

பாய் தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம், "ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கு நானென்ன பல்லியா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் முகத்தோடு மல்லுக்கட்டினார். மணிக்கட்டைக் கயிற்றால் பலகையோடு கட்டிக்கொண்டு கண் எழுதினார். கண் பிரமாதமாக வந்தது. தலைமுடியும் நெற்றியும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்தார். சாயங்காலம் புவனா வருவதாக இருந்தது. பொம்மையைச் சுற்றிப் பார்த்தேன். தலையைச் சுற்றி விரல் தடிமனுக்கு வரம்பு. அடடா, இதைத் தேய்க்காமல் விட்டுவிட்டோமே என்று கிரைண்டரை எடுத்தேன். முகத்துக்குத் துணி கட்டிவிட்டுத்தான் தேய்த்தேன். அரைமணியில் வழவழவென்று ஆகிவிட்டது.

பாய் வந்து துணியை அவிழ்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார்.

"தலையில வளையம் வெச்சிருந்தேனே. எங்கப்பா?"

"எந்த வளையமுங்க?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். ஒரு தாள் படிக்க எனக்கு ஒரு மணிநேரமாகும். தெரியாத காலத்தில் யாரையாவது கேட்டிருப்பேன். கற்றபிறகு கேட்க வெட்கம். அந்தத் தாளை நான் தொடவே இல்லை.

"சரி, உடு. தங்கக் கலர்ல எழுதிப்போடலாம்" என்று பாய் தூரிகையை எடுத்தார். கயிறு கட்ட நேரமில்லை. பாதி நெற்றியில் கோடு பாம்பாக நெளிந்தது. அதைத் துடைக்கும்போதுதான் முதலாளி உள்ளே வந்தார்.

"என்னங்க பாய் இது?"

பாய் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் கிரைண்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"கை ஓடல" என்றார் பாய்.

"போதுங்க பாய்."

அவர் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

ஒரு மணிநேரத்தில் புவனா வந்தார். கோடு துடைத்த, வளையம் இல்லாத தலையைப் பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தானுங்க இருக்குது. கடைசியில கொரங்கு புத்தராகும்போது அந்த வளையம் தானாக் கழண்டு போயிருமுங்க. தலைக்குக் கலர் மட்டும் அடிச்சு இப்படியே குடுத்துருங்க. கண்ணு என்ன அழகுங்க!"

அவர் போனதும் முதலாளியிடம் கேட்டேன். "அப்ப பாய வரச் சொல்லட்டுங்களா? வளையத்தத் தேச்சது நானுங்க."

"நீ தேச்ச, சரி. கோடு கோணலாப் போனது?"

பலகையோடு கிடந்த பாயின் கயிற்றை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இனிமே கண்ணுக்கு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிக்கலாம்" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்குப் போனேன். சாயிரா பானு அக்கா கதவைத் திறந்தார். பாய் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். புவனா கண்ணைப் புகழ்ந்ததையும், முதலாளியிடம் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா உன்னயும் அனுப்பியிருப்பாரு" என்றார் பாய். டீ வந்தது. அவர் தொடவில்லை.

இப்போது அந்தக் குரங்கு கடை வாசலில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். பிள்ளைகள் அதன் தடியைப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். ஒருநாள் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுவரில் இருந்த தாளைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடங்காத குரங்குக்குச் சாமியார் வளையம் மாட்டுகிறார். அவர் மந்திரம் சொன்னால் வளையம் இறுகி, குரங்கு தலையைப் பிடித்துக்கொண்டு உருளும். சாமியாரோடு பதினாலு வருடம் மேற்கே நடந்த பிறகுதான் அது கழல்கிறது.

காலையில் எட்டு மணிக்குப் பட்டறைச் சங்கு ஊதுகிறது. கிரைண்டரைக் கையில் எடுக்கிறேன். ஓரத்தில் டப்பா நிறைய ஸ்டிக்கர் கண்கள்.