பிடுங்காமல் விட்ட ஆண் செடி

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. ஜூலை கடைசியில் யார் தோட்டத்தில் ஆண் கஞ்சாச் செடி கண்ணில் பட்டாலும் பிடுங்கி எறியலாம், கேட்க வேண்டியதில்லை. பிடுங்கியவருக்குத் தோட்டக்காரர் காப்பி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ஆண் பூத்தால் போதும், மகரந்தம் காற்றில் கிளம்பிச் சாலை நெடுக உள்ள பெண் செடிகளை எல்லாம் விதை பிடிக்க வைத்துவிடும். விதை பிடித்த பூவில் போதை குறைந்துவிடும், யாரும் சீந்த மாட்டார்கள். அப்படிப்பட்ட ஆண் செடி ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன் என் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து வளர்த்தேன். செத்துப்போன என் தம்பி ரூனேயின் கலப்பு ரகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் ரகமே போச்சு.

இப்போது எங்கள் நாட்டில் சட்டப்படி வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். தக்காளி போல வாசலிலேயே வைத்துக்கொள்கிறார்கள். எண்பதுகளில் அப்படியா? ரூனேயும் நானும் பக்கத்து வீட்டு டெல்மரும் விடிந்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆல்டர் மரங்களுக்கு நடுவே இறங்குவோம். செப்டம்பரில் ஒவ்வொரு செடியாகப் பிடித்து உலுக்கிப் பனியை உதறுவதுதான் முதல் வேலை. சோம்பல் பட்டால் இரண்டே நாளில் சாம்பல் பூஞ்சை பூவுக்குள் புகுந்துவிடும். டெல்மர் கட்டைக்குரலில் பாடுவான். "நீ பாடினா பூஞ்சை இன்னும் சீக்கிரம் வரும்டா" என்பான் ரூனே. போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மூவரும் புதருக்கடியில் படுத்துக்கொண்டு, புகைபோட்ட சால்மன் மீனைப் பிய்த்துத் தின்றபடி அது போகும்வரை காத்திருப்போம். சட்டைக்குள் தண்ணீர் ஓடும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஆப்கான் குள்ளன் சீக்கிரம் முற்றுவான், ஆனால் பூ கல்லு மாதிரி இறுகியிருக்கும், முதல் மழைக்கே உள்ளே அழுகிவிடும். தாய்லாந்து நெட்டைச்சிக்குப் பூ காற்றோட்டமாக இருக்கும், அழுகாது, ஆனால் நவம்பர் வந்தாலும் முற்ற மாட்டாள். அதற்குள் புயல் சாய்த்துவிடும். இரண்டையும் கலக்க வேண்டும் என்று ரூனே ஆசைப்பட்டான். அதற்கு ஓர் ஆணைப் பிடுங்காமல் விட வேண்டும். ஊருக்குச் செய்கிற துரோகம் அது. வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

நான் விடவில்லை. எண்பத்துமூன்று அக்டோபரில் அழுகிய செடிக் குவியலின் முன்னால் ரூனே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருந்தேன். அடுத்த கோடையில் ஓர் ஆண் குள்ளனைக் கருப்பு முள்பழப் புதருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நெட்டைச்சி ஒருத்தி அருகிலேயே இருந்தாள், அவளுக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். காற்றுக்கு அது தெரியுமா? மேட்டைத் தாண்டிப் போய் டெல்மரின் மொத்த விளைச்சலையும் விதையாக்கிவிட்டது. அந்தக் குளிர்காலம் அவன் பிழைப்புக்காக மரம் வெட்டும் முகாமுக்குப் போனான். இரண்டு விரல் இல்லாமல் திரும்பி வந்தான்.

யார் வேலை என்று அவன் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. "நான்தான் விட்டுட்டேன்" என்றான் ரூனே. அன்றோடு டெல்மர் அவனுடன் பேசுவதை நிறுத்தினான். என்னிடம் பேசினான். முட்டை கொண்டுவந்தான், காப்பி குடித்தான், என் கூரையைச் சரிசெய்தான். தம்பிக்குச் சேர வேண்டிய சிநேகிதத்தை நான் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நெட்டைச்சியில் விளைந்த அந்த விதைகளிலிருந்து ஏழு இலையுதிர்காலம் பொறுக்கிப் பொறுக்கி ரூனே எடுத்ததுதான் 'நனைந்த நாய்'. அந்த வாடைதான் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். செப்டம்பரிலேயே முற்றும். எந்த மழைக்கும் அசையாது. முதுகு போன பிறகு அவன் பயிர் வைப்பதை விட்டான். ஊர்க்காரர்கள் கடை விதைக்கு மாறினார்கள். ரூனேயைப் புதைத்த அன்றைக்கு டெல்மர் கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை, மழையில் வண்டியருகே நின்றுவிட்டுப் போனான்.

ரூனேயின் ஃபிலிம் டப்பாவில் ஒன்பது பழைய விதைகள் கிடைத்தன. ஒன்றுதான் முளைத்தது. ஆகஸ்ட் முதல் வாரம் பார்த்தால், ஆண்.

மறுநாள் டெல்மர் முட்டையோடு கூடாரத்துக்குள் நுழைந்தான். அவன் கை மூளையைக் கேட்காமலே தண்டைப் பிடித்துவிட்டது. மூன்று விரல்தான், ஆனால் பிடி உடும்புப்பிடி.

"விடு டெல்மர். அது நனைந்த நாய். வேற இல்ல."

"ரூனேயோடதா? அப்ப கண்டிப்பா பிடுங்கணும்."

"ரூனேயோட தப்பில்ல அது. எண்பத்துநாலுல அந்த ஆணை ஒளிச்சு வச்சது நான். ஒளிச்சப்ப அவனுக்கே தெரியாது. அப்புறம் அக்காவுக்காகப் பழியை ஏத்துக்கிட்டான்."

டெல்மர் தண்டை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரூனே வந்து என் கதவைத் தட்டுவான், மாரித்," என்றான் கடைசியில். "உள்ள விளக்கு எரியும். நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். ஒரு தடவைகூடத் திறக்கல."

கையை எடுத்துவிட்டுப் போய்விட்டான். முட்டைகள் மண்மேடையிலேயே இருந்தன.

மூன்றாம் நாள் அவன் வண்டி வந்தது. தன் நாலு செடிகளில் நல்லதாக ஒன்றை வாளியோடு தூக்கி வந்து ஆணின் பக்கத்தில் வைத்தான். மகரந்தம் வெளியே போகாதபடி கூடாரத்தின் ஓட்டைகளையெல்லாம் உள்ளிருந்தே ஒட்டுப்பட்டை ஒட்டி அடைத்தான். நான் காப்பி போட்டு நீட்டினேன். வாங்கவில்லை. அக்டோபரில் வந்து விதையை உதிர்த்து, பாதியை என் வாசற்படியில் வைத்துவிட்டு மீதியைச் சாலை நெடுக வீடு வீடாகக் கொடுத்தான். ரூனேயின் விதை என்று சொல்லித்தான் கொடுத்தானாம்.

போன செப்டம்பரில் மழை விடாமல் பெய்தது. கடை விதையில் வந்த செடியெல்லாம் அழுகியது, ரூனேயின் விதையில் வந்தது அழுகவில்லை. பாதி ரத்தம்தான், ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் சாலை முழுக்க நனைந்த நாய் வாடை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் செடியை உலுக்கிக்கொண்டிருந்தான். "நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

கூடாரத்தில் சொன்னதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அவன் பேசாமல் இருந்ததை ரூனே முப்பத்தேழு வருஷம் தாங்கினான். எனக்கு வயது எழுபத்தொன்று. வருகிற கிறிஸ்துமஸுக்குப் போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.