செந்தாமரை சொல்லாத பெயர்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் தண்டலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வரி: ‘அமாவாசை இருட்டில், புளியமரத்து உச்சியிலிருந்து ஒரு…’

[அடித்துவிட்டேன். நடந்தது 1991இல், பட்டப்பகலில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில். பேய் என்றதும் கை தானாக அமாவாசையைத் தேடுகிறது.]

2

செந்தாமரைக்கு இழுப்பு நோய், அதாவது வலிப்பு. ஒருநாள் வரப்பில் விழுந்து கிடந்தவளைத் தூக்கி, வாயைத் துடைத்துவிட்டவள் சந்திரம்மாள். புருஷனை இழந்தவள், ரோட்டோரத்துச் சொந்த நிலத்தில் தனியாக இருப்பவள். கம்பெனிக்காரர்கள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து செந்தாமரையின் மாமன் தணிகாசலத்துக்கு அந்த நிலத்தின் மேல் கண்.

“சந்திரம்மா சூனியக்காரி, அவதான் இவ மேல பேய ஏவி வுட்டுக்கீறா,” என்றான். ஊர் நம்பியது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பேய்க்குக் கால் தரையில் பாவாது என்கிறார்கள். பிரசவத்தில் செத்தவள், கிணற்றில் விழுந்தவள், விரட்டப்பட்டவள், இவர்கள்தான் மரமேறுகிறார்கள். உயிரோடு இருந்தபோது நிற்க ஓரடி மண் கொடுக்காதவர்கள், செத்த பிறகு அவளுக்குக் காலே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். இது ஆராய்ச்சி இல்லை, என் கோபம்.]

3

பேயோட்டும் வழக்கம் இது: வேப்பிலையால் அடித்து, ‘யார் அனுப்பியது?’ என்று கேட்பார்கள். பெயர் வந்ததும், பேய் பிடித்தவளின் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவள் ஊரைவிட்டுப் போகவேண்டும்.

செந்தாமரையைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, பூசாரி மாரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “பேய் பொய் சொல்லாது. வாய்ல இன்னா பேரு வர்தோ, அதான் தீர்ப்பு.”

தணிகாசலம் செந்தாமரையின் காதருகே குனிந்தான். “சந்திரம்மான்னு சொல்லிடு கண்ணு. வூட்டுக்குப் போயிடலாம்.”

வேப்பிலை போய்ப் பிரம்பு வந்தது. செந்தாமரைக்கு முதுகு பற்றி எரிந்தது. ஒரே ஒரு பெயர், சொன்னால் அடி நின்றுவிடும். கூட்டத்தின் ஓரத்தில் சந்திரம்மாள் ஓடாமல் நின்றிருந்ததை அவள் பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: சந்திரம்மாளின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். தண்டலத்தில் கதை சொன்னவர் சிரித்தது இங்கேதான்.

முடிவு இரண்டு: “தணிகாசலந்தான் அனுப்ச்சான்,” என்கிறாள். எழுதிப் பார்த்தேன், ஜோராக இருந்தது. ஆனால் பிரம்பு மாரியின் கையிலேயே இருக்கிறது. நாளைக்கு இன்னொருத்தியை அடித்து இன்னொரு பெயரை வாங்குவான். கிழித்துப்போட்டேன்.

மூன்றாவதை அவளிடமே விட்டேன்.

“யாரும் அனுப்பல. பேயும் இல்ல. எனுக்கு இழுப்பு. நான் செந்தாமரை.”

“பேய் அடம் புடிக்குது,” என்று மாரி பிரம்பை ஓங்கினான்.

5

அந்தக் கையை நான் இறக்கமாட்டேன். யார் கேட்டாலும் அடுத்த அடியை எழுதமாட்டேன்.

சந்திரம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வருகிறாள், ஒற்றை ஆளாக. நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள்; இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். அவளுக்கு வழிவிடுவீர்களா, இல்லை கூடவே போய் மாரியின் கையைப் பிடிப்பீர்களா?

சீக்கிரம். ஓங்கிய கை ரொம்ப நேரம் அப்படியே நிற்காது.